சீல் உடையாத சிலிண்டர்

செப்டம்பர் 2, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை என் மகள் மேகலாவின் வளைகாப்பில், ஊசிப்போன தேங்காய்ச் சட்னியை நானே கரண்டி பிடித்துப் பரிமாறினேன். சும்மா பரிமாறவில்லை. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, இன்னைக்குச் சட்னி அமுதம்" என்று இலை இலையாகப் போய் வற்புறுத்தி வேறு வைத்தேன். பந்திக்கு முன்னால் சமையல்காரர் என்னிடம்தான் மோந்து பார்க்கக் கொடுத்தார், பெண்ணைப் பெற்றவன் என்கிற மரியாதைக்கு. நான் மூக்கருகே கொண்டுபோய், பெரிய ஆள் மாதிரி கண்ணை மூடி, தலையாட்டி அனுமதி கொடுத்தேன்.

முதல் வாய் வைத்தவர் சம்பந்தியம்மா தெய்வாத்தாள். வாயில் போட்டதை இலையோரம் துப்பிவிட்டு, "ஏனுங்ணா, உங்க மூக்கு எங்க போச்சு?" என்று கேட்டார்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்விதான் அது. எங்கே போனது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஆடியில் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி அடைப்பு, தானாகச் சரியாகும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். இன்று ஈரோட்டுக்குப் போய்க் காது மூக்கு டாக்டரம்மாவைப் பார்த்தேன். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறதாம். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும். காலையும் மாலையும் நான்கு சாமானை மோந்து பார்த்து, தெரிந்ததா இல்லையா என்று தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். பத்தாவதுக்குப் பிறகு நான் கோர்வையாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"மளிகைக் கடைங்க" என்றேன்.

ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. பவானியில் கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருக்கிறேன். தலை நரைத்ததே அந்த வேலையில்தான். சட்டைப் பையின் மேல் ஏஜென்சி பெயர் கொட்டை எழுத்தில் தைத்திருக்கிறது. டாக்டரம்மா அதைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டுப் பாவம் என்று விட்டுவிட்டார்.

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. காப்பித்தூள்: இல்லை. நீலகிரித் தைலம்: கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை இல்லை.

செப்டம்பர் 3, புதன்

நான்கும் இல்லை.

மேகலாவுக்குக் கீரை கடைந்து, தட்டைப்பயிறு தாளித்தேன். தாளிப்பு கருகிவிட்டதா என்று கடுகின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்குப்பா" என்றாள். அவள் சங்ககிரிக்கு வாழப் போனபின் இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லை. ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தது.

வளைகாப்பு முடிந்து அவளை இங்கே அனுப்பச் சம்பந்தியம்மாவுக்கு மனசில்லை. "பொம்பளை இல்லாத ஊட்டுல மாசமா இருக்கற புள்ளைய எப்படிங் உடறது? ஒரு ஆத்திரம் அவசரத்துக்கு யார் இருக்கறா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. என் வீட்டுக்காரி வள்ளியாத்தா உயிரோடு இருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. "நான் பாத்துக்கறனுங்" என்றேன். "உங்களுக்குச் சட்னியே பாக்கத் தெரியல" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே மேகலாவைக் காரில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டேன்.

பிரசவம் வரை இவள் என்னோடு. மூக்கு விஷயம் சங்ககிரிக்குத் தெரிந்தால் அன்று மாலையே கார் வந்துவிடும்.

செப்டம்பர் 5, வெள்ளி

நான்கும் இல்லை.

தேர்வீதி ஹேமலதா டீச்சர் வீட்டிலிருந்து புகார். அடுப்பங்கரையில் கேஸ் வாசம் அடிக்கிறதாம். போனேன். பழக்கம் விடவில்லை, குனிந்து ரெகுலேட்டர் பக்கம் மூக்கை நீட்டினேன். சுத்தமான காற்று. "ஒண்ணும் இல்லீங் டீச்சர்" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே நிமிர்ந்தேன். டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்.

வாயை மூடிக்கொண்டேன். பையிலிருந்து சோப்புத் தண்ணீரை எடுத்துப் பூசினேன். ட்யூப் ரெகுலேட்டரில் சேருகிற இடத்தில் நுரை சோறு பொங்குகிற மாதிரி பொங்கியது. அவ்வளவு கேஸ். அதற்குள் மூக்கை விட்டுக்கொண்டு, திருவிழாவில் ஊதுபத்தி மோந்தவன் மாதிரி நின்றிருக்கிறேன்.

அடைத்து, ட்யூப் மாற்றிக் கொடுத்தேன். "நீங்க வந்தீங்களோ, பொழச்சமோ" என்றார் டீச்சர். காப்பி கொடுத்தார். சுடுதண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. "பிரமாதம்" என்றேன்.

வழியில் கூடுதுறை ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். இந்தக் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டும் கலந்தது. அண்ணன் தம்பி பெயர் மாதிரி இருக்கும், இரண்டுமே ஊமை. வீடு முழுக்க நிறைந்தாலும் ஒரு வார்த்தை பேசாது. அதனால்தான் கம்பெனியில் வேண்டுமென்றே ஒரு அழுகிய நாற்றத்தை அதில் கலந்து அனுப்புகிறார்கள். மனுசனுக்கு மூக்கு இருக்கும் என்கிற நம்பிக்கையில்.

செப்டம்பர் 8, திங்கள்

இல்லை. கிராம்பை மூக்குக்குள்ளேயே விட்டுப் பார்த்தேன். தும்மல் வந்தது. அதை வரவில் வைக்கலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாயைத் திறக்குமுன் சோப்புத் தண்ணீர்தான். திருகு, ட்யூப், ரெகுலேட்டர், எல்லா மூட்டிலும் பூசி, நுரைக்காகக் காத்து நிற்கிறேன். ஒரு வீட்டில் செலவாகிற நேரம் கூடிவிட்டது. முதலாளி குப்புராஜ் கூப்பிட்டதும் அதற்குத்தான் திட்டு என்று நினைத்தேன். அவரோ எல்லோர் முன்னாலும், "சென்னியப்பண்ணனப் பாருங்கடா. இத்தன சர்வீசுக்கு அப்பறமும் மூக்க நம்பறதில்ல, சோப்புத் தண்ணியத்தான் நம்பறாரு. இதான் வேல" என்றார். பையன்கள் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். குப்புராஜ் நல்ல மனுசன். ஆனால் மூக்கில்லாத கேஸ் மெக்கானிக்கை எந்த நல்ல மனுசன் வைத்துக்கொள்வான்? நாளைக்கே ஊருக்குத் தெரியும். நாளன்றைக்குச் சங்ககிரிக்குத் தெரியும்.

டீக்கடையில் குழாய் கேஸ் கம்பெனிக்காரர்களைப் பார்த்தேன். நம் வீதிக்கும் பள்ளம் தோண்ட வந்துவிட்டார்கள். "எங்களது மீத்தேனுங்ணா. காத்த விட லேசு. லீக்கானாலும் மேல ஏறி ஜன்னல் வழியாப் போயிரும்" என்றான் ஒருவன், பெருமையாக.

"எங்களது கனமுங் தம்பி. ஒறம்பரைக்கு விருந்தாட வந்த மச்சான் மாதிரி. தரையோட தரையா உக்காந்தா எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றேன்.

"எங்க கம்பெனிக்கு வந்துருங்ணா. ஆள் எடுக்கறாங்க. கண்ணு, காது, மூக்கு எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் எடுப்பாங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இல்லை.

சமையலறை குறுகல். மேகலா வயிற்றைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஸ்பேர் சிலிண்டரில் முட்டியை இடித்துக்கொண்டாள். அதனால் அதை உள் ரூமில், அவள் கட்டிலுக்குப் பக்கத்து மூலையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மேலே ஒரு பலகை போட்டு டேபிள் ஃபேனை வைத்தேன். சிலிண்டரைச் சுற்றிப் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியதும் நல்ல ஸ்டூல் மாதிரி ஆகிவிட்டது. வேறு வீட்டில் இப்படிப் பார்த்திருந்தால் பிடித்துத் திட்டியிருப்பேன். ஆனால் இது சீல் கூட உடைக்காத புது சிலிண்டர்.

செப்டம்பர் 13, சனி

இல்லை.

சாயங்காலம் நான் வந்ததும் மேகலா, "ப்பா, கேஸ் வாசம் அடிக்குதுப்பா" என்றாள்.

சட்டையைக் கூடக் கழற்றவில்லை. சோப்புத் தண்ணீர் கலக்கி, அடுப்புத் திருகு, ட்யூப், ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. மறுபடியும் பூசினேன். இல்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு."

"இங்க இல்லப்பா. உள் ரூம்புலதான்."

"அடுப்பங்கரைல இல்லாத கேஸு உள்ள எப்படிச் சாமி வரும்? மாசமா இருக்கறவ மூக்கு அப்படித்தான். உன்னைச் சொமக்கையில உங்கம்மாளுக்குக் குழாத் தண்ணி கூட நாறும். கொடத்தத் தூக்கி எம்மேலயே ஊத்துவா."

சிரித்தாள். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் சொன்னாள். காலையில் ஒரு தரம், மதியம் படுத்து எழுந்ததும் ஒரு தரம்.

ட்யூபை மாற்றினேன். ரெகுலேட்டரை மாற்றினேன். அடுப்பையே தலைகீழாகக் கவிழ்த்து வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டேன். சோப்புத் தண்ணீர் ஒன்றும் காட்டவில்லை. இனி அந்தச் சமையலறையில் மாற்றாமல் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான்.

அவள் சம்பந்தியம்மாவிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. "அதெல்லாம் நல்லாப் பாத்துக்கறாருங்கத்தை. ஒரு கொறையும் இல்லீங்."

செப்டம்பர் 16, செவ்வாய்

"இன்னும் அடிக்குதா சாமி?" என்று நானே கேட்டேன்.

"இல்லப்பா. இப்ப ஒண்ணும் தெரியல."

அப்பாடா என்றிருந்தது. ராத்திரிக்கு அவளுக்குப் பிடித்த கம்பஞ்சோறு. காப்பித்தூளில் ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. ஆசையாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

வலது கை முழுக்கக் கட்டு. இடது கையில் விரல் மட்டும் வெளியே. ஈரோடு ஆஸ்பத்திரி.

மேகலா இருக்கிறாள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை மிஷினில் வைத்துக் கேட்க விட்டார்கள். கேட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்று அதற்கு மேல் பேனா பிடிக்க முடியவில்லை. இன்று மெதுவாக எழுதுகிறேன்.

புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரம். கொசுவுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். நான் அடுப்பங்கரையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். உள் ரூமில் மேகலா குனிந்து, தரையில் கொசுவர்த்திச் சுருளை வைத்துத் தீக்குச்சி உரசினாள்.

பக் என்று ஒரு சத்தம். கல்யாண வீட்டில் பெரிய அடுப்பு பற்றிக்கொள்ளும்போது வருகிற சத்தம். எனக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

ஓடினேன். தரை முழுக்க நீலமாக ஏதோ தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. அதன் நடுவில் அவள் நின்றிருந்தாள். சேலைக் கரை எரிந்தது. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூக்கினேனா இழுத்தேனா தெரியாது, வாசலில் கொண்டுவந்து விட்டு, சேலைக் கரையைக் கையால் அடித்து அணைத்தேன்.

திரும்பி உள்ளே போனபோது தரைத் தீ தானாக அடங்கியிருந்தது. மூலையில் மட்டும் எரிந்தது. போர்த்தியிருந்த சேலை எரிந்து, பலகையும் ஃபேனும் சரிந்துவிட, சிலிண்டரின் மூடியைச் சுற்றி ஒரு சின்னச் சுடர், பூஜை விளக்கு மாதிரி அமைதியாக நின்றது. சாக்கை நனைத்துப் போட்டு அமுக்கினேன். அணைந்ததும் சிலிண்டரைக் கட்டிப் பிடித்து வெளியே தூக்கிவந்து வெட்டவெளியில் வைத்தேன். கை வெந்தது அப்போதுதான் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

ஏஜென்சிப் பையன்கள் வந்து பார்த்தார்கள். சீல் உடையவே இல்லை. அதற்குள்ளேயே வால்வு ரப்பர் பழுது. மூடிக்கும் வால்வுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தரையில் படுத்துக் கிடந்திருக்கிறது. என் மகள் கட்டிலுக்குக் கீழே.

ஊரில் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன், "சீல் இருக்குதா பாருங்க, சீல் இருந்தாப் பயமே இல்ல" என்று. சமையலறையில் இருந்த ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் பூசினேன். சோப்புத் தண்ணீர் பூசின இடத்தை மட்டும்தான் காட்டும். எங்கே பூச வேண்டும் என்று சொல்வது மூக்கு.

மேகலாவுக்கு இரண்டு காலிலும் கெண்டைக்கால் வரைக்கும் புண். ஆழமில்லை, ஆறிவிடும் என்கிறார் டாக்டர். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

மருந்து வைத்து நர்ஸ் போனபிறகு கேட்டேன். "ஏஞ்சாமி, அடிக்கலைன்னு சொன்னியே?"

"நெசமாவே தெரியலப்பா. நாள் முழுக்க அதுக்குள்ளயே படுத்துக் கெடந்தனா, பழகிருச்சாட்ட இருக்குது. போயிருச்சுன்னுதான் நெனச்சேன்."

"அதுக்கு முன்னால இன்னொரு தரம் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?"

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க தெனமும் விடியால எந்திரிச்சுக் கிராம்ப மூக்குல வெச்சுட்டுக் கொல்லையில உக்காந்துருக்கறது எனக்குத் தெரியாதாப்பா? சொல்லச் சொல்ல அடுப்பக் கழட்டிப் போட்டுட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாக்க முடியல. அதான் விட்டுட்டேன்."

நான் அவளிடம் மறைத்தேன். நான் மறைப்பதை அவள் என்னிடம் மறைத்தாள். இரண்டு பேரும் அவ்வளவு நல்லவர்கள்.

"அத்தைகிட்ட இதெல்லாம் பேச வேண்டாம்ப்பா" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

குப்புராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். ஆடியிலிருந்து வாசனை இல்லை, ஒன்றுமே இல்லை என்று.

பழப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"டீச்சர் ஊடு?"

"சோப்புப் போட்டுப் பாத்தனுங்."

"எல்லா ஊட்லயுமா?"

"டீச்சர் ஊட்டுக்கு அப்பறம் எல்லா ஊட்லயுமுங். அதுக்கு முன்னால போன ஊடுகள்ள, இல்லீங்."

கண்ணை மூடிக்கொண்டார். ஆடியிலிருந்து நான் போன எல்லா வீட்டுக்கும் பையன்கள் அத்தனை பேரையும் இன்றே அனுப்பித் திரும்பப் பார்க்கச் சொல்லி அங்கிருந்தே போன் செய்தார். போகும்போது, "கை ஆறுனதும் ஆபீசுல போன் எடுக்கற வேலை பாருங்ணா. அதுக்குக் காது போதும்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ராத்திரி ஏஜென்சியிலிருந்து ஒரு போன் வந்தது. எல்லா வீடும் பார்த்தாயிற்று, கசிவு எதுவும் இல்லை என்று. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மேகலாவுக்கு இன்று டிஸ்சார்ஜ். சங்ககிரியிலிருந்து கார் வந்துவிட்டது. பிரசவம் அங்கேதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது.

மேகலாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல் வரை தள்ளி வந்தார்கள். சம்பந்தியம்மா பக்கத்தில் நடந்துகொண்டே ஆரம்பித்தார். "ஏன் அம்மிணி, ரூம்பு முச்சூடும் கேஸு அடஞ்சு கெடந்திருக்குது. அதுக்குள்ள போய்க் குச்சி ஒரசற. வகுத்துல புள்ள இருக்கற நெனப்பு வேண்டாமா? மூக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்கத்தை" என்றாள் மேகலா. "நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன். அப்பா மட்டும் இல்லீன்னா அங்கயே முடிஞ்சிருக்கும்."

என்னைப் பார்க்கவில்லை. கால் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தெய்வாத்தாள் நின்றார். திரும்பி என் இரண்டு கைகளையும் பார்த்தார். இத்தனை வருசத்தில் அந்த அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"உங்கள என்னென்னமோ பேசியிருக்கறனுங்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. பொறந்த புள்ளையக் காட்ட உங்களத்தான் மொதல்ல கூப்புடுவேன். கேஸு தெரிஞ்ச மனுசன் பக்கத்துல இருந்ததாலதான் எம்பேரன் எங்களுக்குக் கெடச்சான்."

கும்பிட்டார். கட்டுப் போட்ட கையால் என்னால் திருப்பிக் கும்பிட முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

மேகலா காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி, "வேளா வேளைக்குச் சாப்புடுங்கப்பா" என்றாள். "சரி சாமி" என்றேன். கார் கிளம்பியது. அது திரும்பி மறைகிற வரைக்கும், அதற்குப் பிறகும், சம்பந்தியம்மாவிடம் சொல்லாமல் விட்ட ஒன்றே ஒன்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தெரிஞ்சுதுங்க. அவ சொன்னா. நாந்தான் இல்லைன்னேன்.